எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு ஊனச் சான்று கிடைக்குமா? வேலூர், ஆம்பூர் பக்கம் யாராவது வாங்கியிருக்கிறீர்களா?

ஆம்பூர்த்தையல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ தொழிற்சாலையில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வேலூரில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே அறுவை சிகிச்சை) செய்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) நான்காம் நிலை, இரண்டு பக்கச் சூலகத்திலும் சாக்லேட் கட்டி என்று டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறது. கட்டியை எடுத்த பிறகு கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தேன். பிறகு பழைய கதைதான். இப்போது டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன்.

மாதத்தில் அந்த நாட்கள் மட்டும் வலிக்கும் என்று நினைக்க வேண்டாம். மலம் கழிக்கும்போது வலி, இடது தொடை வரை இழுக்கும் வலி, நின்றால் அடிவயிற்றில் ஏதோ தொங்குவதுபோல வலி. எங்கள் லைனில் நின்றுகொண்டேதான் தைக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டேன். "ஊனச் சான்று கொண்டு வா, பார்க்கலாம்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா, சான்று வாங்கினால் மாதம் 2,000 ரூபாயும் வரும் என்கிறார்.

நான்காம் நிலை என்றால் 40 புள்ளிக்கு மேல் என்று டாக்டர் சொன்னார். சான்றுக்கும் 40 சதவீதம் போதுமாமே? அப்படியானால் எனக்குக் கிடைத்துவிடும் அல்லவா? இன்னொன்று: ஒருவர் கால் ஊனம் என்று எழுதி சான்று வாங்கித் தருகிறேன், பணம் மட்டும் கொடு என்கிறார். அதைச் செய்யலாமா?

---

சத்துவாச்சாரி சக்கரம்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வேண்டாம் தங்கச்சி. ஊனமுற்றோருக்கான பலனை ஏமாற்றிப் பெற்றால் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது நீங்கள், அந்த ஆள் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

அடுத்தது அந்த 40. உங்கள் டாக்டர் சொன்ன 40 வேறு, சான்றில் இருக்கும் 40 வேறு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சான்று தரும் மருத்துவக் குழுவின் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. 21 வகை ஊனங்கள்: பார்வை, கேட்டல், கை கால் இயக்கம், அறிவுத்திறன், மனநோய், தசைச்சிதைவு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தலசீமியா, ஹீமோபீலியா, அரிவாள் செல் நோய், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் என்று போகும். எண்டோமெட்ரியோசிஸ் அதில் இல்லை. நாட்பட்ட வலி என்பதும் இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு எத்தனை சதவீதம் என்று கணக்கிடும் முறையே கிடையாது. பூஜ்யம் என்றுகூட எழுத மாட்டார்கள், விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்கள்.

மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும் எல்லோருக்கும் வருவதில்லை. கடும் பாதிப்பு, அதாவது 75 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்கள், தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, பார்க்கின்சன் போன்ற சில பிரிவினர், இவர்களுக்குத்தான். 2023 ஜனவரியில்தான் 1,500 என்பது 2,000 ஆனது. வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் தனி. அதற்கும் அந்தச் சான்று இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது.

கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். போலியோ வந்த காலோடு நாற்பது வருடமாக இந்த அலுவலகங்களில் உட்கார்ந்தவன் நான். இல்லாத கதவை இருக்கிறது என்று சொல்லி உங்களைப் பஸ் ஏற்றிவிட மனம் வரவில்லை.

---

பொன்னை வாசகர்

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதவிடாய் வலி என்பது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே? என் அம்மா, என் மனைவி எல்லோரும் அதோடுதான் வயல் வேலை வரை பார்த்தார்கள். இதற்கெல்லாம் ஊனச் சான்று என்று ஆரம்பித்தால் உண்மையான மாற்றுத்திறனாளிகளின் நிலை என்ன ஆகும்?

---

டாக்டரம்மா ஓய்வு

பொன்னை வாசகரே, உங்கள் அம்மாவுக்கும் மனைவிக்கும் என்ன வலி இருந்தது என்று நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நான் முப்பது வருடம் கேட்டேன். சிலருக்குச் சாதாரண வலி. சிலருக்கு, கருப்பையின் உள்ளே இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற திசு சூலகத்தில், குடல்மேல், சிறுநீர்ப்பைமேல், இடுப்பெலும்புக் குழியின் ஆழத்தில் வளர்ந்து, வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. பல நேரம் திறந்து பார்த்தால்தான் தெரியும். பிள்ளைப்பேறு வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய்க்குப் பெயர் வைப்பதற்கே 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டுகள் முழுவதும் அந்தப் பெண் கேட்பது நீங்கள் இப்போது எழுதிய அதே வரியைத்தான்.

ஆம்பூர்ப் பெண்ணுக்கு: அறுவை சிகிச்சையின்போது கண்ணில் படும் திட்டுகள், கட்டிகள், ஒட்டல்கள் ஆகியவற்றின் அளவைக் கூட்டிப் புள்ளி போடுகிறோம். 1 முதல் 5 வரை முதல் நிலை, 6 முதல் 15 இரண்டாம் நிலை, 16 முதல் 40 மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. இதில் வலிக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. நான்காம் நிலையில் வலியே இல்லாமல், குழந்தை நிற்கவில்லை என்று மட்டும் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நிலையில் தரையில் உருண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே எந்த அலுவலகத்திற்குப் போனாலும் "நான்காம் நிலை" என்ற சொல்லை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கேட்பவருக்கு அது புரியாது. புரிந்தாலும் உங்களால் என்ன செய்ய முடியவில்லை என்பதை அது சொல்லாது.

ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று யாராவது திருப்பி அனுப்பினால் அதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலோட்டமான திட்டுகள் சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போவது வழக்கம்.

---

லெஸ்டர் குடியாத்தம்

நான் குடியாத்தத்துப் பெண், இப்போது இங்கிலாந்தில் செவிலியர். எனக்கும் இதே நோய். "வெளிநாட்டில் என்றால் அரசாங்கமே பணம் தரும்" என்று ஊரில் பேசிக்கொள்வதால் எழுதுகிறேன்.

இங்கே 2013 முதல் பிஐபி (பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட்) என்று ஓர் ஊன உதவித்தொகை இருக்கிறது. அதில் நோயின் பெயருக்குப் பட்டியல் இல்லை. சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, கழிப்பறைக்குத் தனியாகப் போய்வர முடிகிறதா என்று 10 அன்றாடச் செயல்கள், நடமாட்டத்திற்கு 2 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி. ஒரு பிரிவில் 8 வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடுதல் தொகை. ஒரு வேலையை ஒருமுறை செய்துவிட்டால் போதாது. ஆபத்தில்லாமல், ஒழுங்காக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்திற்குள் செய்ய முடிகிறதா என்று பார்ப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா?

சிக்கல் எங்கே என்றால், பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அந்தத் தடை இருக்க வேண்டும். மாதத்தில் பத்து நாள் படுக்கையில் கிடந்து, மற்ற இருபது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு இடிக்கும். முதலில் மறுத்து, மறுபரிசீலனையிலும் மறுத்து, தீர்ப்பாயம் வரை போய் வாங்கியவர்கள் உண்டு. என்னைப் போல வேலை விசாவில் வந்தவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது, "பொதுநிதியில் உரிமை இல்லை" என்று விசாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

அங்கே நோயின் பெயர் பட்டியலில் இல்லை என்று கதவு மூடுகிறது, இங்கே நாள் கணக்கில் மூடுகிறது. வந்துபோகும் வலியை எப்படி அளப்பது என்று இரண்டு நாட்டிலும் யாரும் உருப்படியாக யோசிக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

---

பழைய கணக்கர்

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் செய்கிறார்களா என்று யாரும் கேட்கவில்லையே! ஷூ தொழிற்சாலை, சம்பளம் 21,000-க்குள் என்றால் கட்டாயம் பிடித்திருப்பார்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25. சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஊனச் சான்றை விட்டுவிட்டு இதைப் பிடியுங்கள் அம்மா. இது கருணை இல்லை, நீங்கள் கட்டிய பணம்.

நோய்க்கால உதவி: சராசரி நாள் ஊதியத்தில் 70 சதவீதம், அடுத்தடுத்த இரண்டு பலன் காலங்களில், அதாவது ஓராண்டில், 91 நாட்கள் வரை. நாள் ஊதியம் 400 என்றால் 280 ரூபாய். இதற்கு அந்தந்தப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. நோயின் பெயருக்கு இங்கே பட்டியல் இல்லை. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர் வேலைக்குத் தகுதியில்லை என்று சான்று எழுதினால் போதும்.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. ஒவ்வொரு முறை விடுப்பு எடுக்கும்போதும் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது. மூன்று நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாளுக்குத்தான் வரும். முன்பு பணம் பெற்ற விடுப்பு முடிந்து 15 நாட்களுக்குள் மறுபடி படுத்தால் அந்த இரண்டு நாள் கழிவு இல்லை. ஆனால் மாதவிடாய் 28 நாளுக்கு ஒருமுறை வருகிறது! இந்த விதியை எழுதியவர்கள் மலேரியாவையும் டைபாய்டையும் நினைத்து எழுதியிருப்பார்கள் என்பது என் ஊகம். சிலருக்கு நடுமாதத்திலும் கடும் வலி வரும் என்று என் மகள் சொல்வாள். அப்படி இருந்தால் அந்த நாட்களையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிச் சான்று வாங்குங்கள். 15 நாள் விதி அப்போது உங்கள் பக்கம் வேலை செய்யும்.

91 நாட்களும் தீர்ந்தால் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி என்று ஒன்று உண்டு. 34 நோய்களுக்கு, 80 சதவீத ஊதியம், இரண்டு ஆண்டு வரை. காசநோய், புற்றுநோய், பக்கவாதம் எல்லாம் அதில் இருக்கின்றன, எண்டோமெட்ரியோசிஸ் இல்லை. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு தேற நாளாகும் என்பது போன்ற சிறப்புச் சூழ்நிலைகளில் பட்டியலுக்கு வெளியிலும் அனுமதிக்க மேலதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், கேட்டாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

1948 இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள், 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. நோய்க்கால உதவி பெறும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ அந்தப் பிரிவு முதலாளியை அனுமதிக்கவில்லை. வெறும் லீவு லெட்டர் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சான்று இருக்க வேண்டும்.

---

ஆம்பூர்த்தையல்

பழைய கணக்கர் ஐயா, மிகவும் நன்றி. இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. காய்ச்சலுக்கு மட்டும்தான் என்று நினைத்து டிஸ்பென்சரிக்குப் போனதே குறைவு. முடியாத நாட்களில் சம்பளம் இல்லா விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். வேலூரில் செய்த அறுவை சிகிச்சைத் தாளைக் காட்டினால் டிஸ்பென்சரியில் ஏற்றுக்கொள்வார்களா?

---

பழைய கணக்கர்

ஏற்றுக்கொள்வார்கள். அசலைக் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் மட்டும். திசுப் பரிசோதனை அறிக்கை தனியாக இருக்கும், அதையும் மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். அதில்தான் நோய் உறுதி என்று இருக்கும். பழைய விடுப்புகளுக்குப் பின்தேதியிட்டுச் சான்று கேட்காதீர்கள், டாக்டருக்கும் தொல்லை, உங்களுக்கும் கெட்ட பெயர்.

---

காட்பாடி கடைக்காரி

நான் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். எனக்கும் இதே நோய்தான், கூடவே அடினோமயோசிஸ் (அதே திசு கருப்பைச் சுவருக்குள் வளர்வது). எங்கள் கடையில் இ.எஸ்.ஐ. பிடிப்பதில்லை. காலை முதல் இரவு வரை நிற்க வேண்டும். கவுண்டர் மேல் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அந்த நாட்களில் ஐந்து நிமிடம் உட்கார முடிந்தால் போதும், எனக்கு 2,000 ரூபாய்கூட வேண்டாம்.

---

திருப்பத்தூர் வக்கீல்

உட்காருவது உங்கள் உரிமை, சகோதரி. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி தர வேண்டும், வேலை நேரம் முழுவதும் நிற்க வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். நோய் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே அதில் எழாது. உங்கள் கருப்பையைப் பற்றி முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசாமலே நாற்காலி கேட்கலாம். தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதலாம், கடையில் உள்ள பலர் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால் இ.எஸ்.ஐ. பிடிக்காததும் கேள்விக்குரியது, அதையும் அதே புகாரில் சேர்க்காமல் இ.எஸ்.ஐ. அலுவலகத்திற்குத் தனியாக எழுதுங்கள்.

ஆம்பூர்ச் சகோதரிக்கு: 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவில் இருந்த இருக்கை விதி, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. நின்று வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்படும் தொழிலாளர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும். உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை என்று தலைமை ஆய்வாளர் கருதினால் இருக்கை போடச் சொல்லி உத்தரவிடவும் பழைய சட்டத்தில் வழி இருந்தது. உங்கள் சூப்பர்வைசர் கேட்ட ஊனச் சான்றுக்கும் நாற்காலிக்கும் சம்பந்தமே இல்லை. எழுபத்தைந்து வருடத்துக்கும் மேலாக இருக்கிற விதி, யாரும் படிப்பதில்லை.

இன்னொன்று, சற்று நுணுக்கமானது. 2016 சட்டத்தில் "ஊனமுற்றவர்" என்பதற்கான வரையறை அந்த 21 பட்டியலோடு நின்றுவிடவில்லை. நீண்டகால உடல் பாதிப்பு ஒருவரது சமமான பங்கேற்பைத் தடுத்தால் அவர் அந்த வரையறைக்குள் வருகிறார். 40 சதவீதச் சான்று என்பது இட ஒதுக்கீடு, உதவித்தொகை போன்றவற்றுக்கு. நியாயமான வசதி செய்து தருவதற்கு அது நிபந்தனை இல்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு அவருக்கு. 40 சதவீதம் இல்லை. இருந்தும் தேர்வெழுத உதவியாளர் உண்டு என்று தீர்ப்பு. அரசு நிறுவனங்களை இது நேராகக் கட்டும். தனியார் நிறுவனம் என்றால் 21-ஆம் பிரிவின்படி சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் அதை விரிவாகவே வைத்திருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அதைக் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக்குச் செருப்பு ஏற்றுமதி செய்கிறவர்கள் தணிக்கைக்காகவாவது ஒரு கோப்பில் வைத்திருப்பார்கள்.

---

ரகசியம் சொல்பவன்

இவ்வளவு சுற்று எதற்கு? மனநோய் பட்டியலில் இருக்கிறதே. மனச்சோர்வு என்று எழுதி வாங்கினால் 40 தாண்டிவிடும். எனக்குத் தெரிந்தவர் முடித்துத் தருவார். எண்: [நீக்கப்பட்டது]

---

மட்டுறுத்துநர்

தரகர் எண்களை இங்கே போட வேண்டாம். அடுத்த முறை கணக்கு முடக்கப்படும்.

---

டாக்டரம்மா ஓய்வு

எண்ணை நீக்கினது சரி, அந்த யோசனைக்கும் ஒரு பதில் தேவை. பல வருடம் வலியோடு வாழ்கிறவர்களுக்கு மனச்சோர்வு உண்மையிலேயே வருகிறது. இருந்தால் மனநல மருத்துவரிடம் போய் மருந்து சாப்பிடுங்கள், அதில் வெட்கம் இல்லை. அது கடுமையாகி நீடித்தால் அந்தப் பிரிவில் சான்று கேட்பதும் நேர்மையானதே. அங்கே தற்பராமரிப்பு, உறவுகள், பேச்சும் புரிதலும், வேலை, இவற்றோடு நோயின் காலத்தையும் வைத்து அளப்பார்கள்.

ஆனால் வயிற்றில் இருக்கும் நோயை மறைத்து, மனதில் நோய் என்று எழுதி வாங்குவது உங்கள் தலையில் நீங்களே மண் அள்ளிப் போடுவது. "எல்லாம் மனப்பிரமை" என்று திருப்பி அனுப்பிய டாக்டர்களிடமிருந்து தப்பித்து, அறுவை சிகிச்சை வரை வந்து, நோய் நிஜம் என்று நிரூபித்திருக்கிறீர்கள். அடுத்த டாக்டர் உங்கள் கோப்பைத் திறந்ததும் முதலில் பார்ப்பது மனநோய்ச் சான்றாக இருந்தால், புதிதாக வரும் குடல் அடைப்பு வலியைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

---

மேல்விஷாரம் டீச்சர்

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. இந்த நோய்க்கும் கருப்பை நீக்கத்துக்கும் முதல் 24 மாதம் காத்திருப்பு என்று பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். அதைவிட மோசமானது, டிஸ்சார்ஜ் தாளில் அறுவை சிகிச்சைக்குக் காரணம் "கருத்தரிப்பின்மை" என்று எழுதியிருந்தால் நிராகரிப்பார்கள். அது நிரந்தர விலக்கு. என் தங்கைக்கு அப்படித்தான் நடந்தது. வலிக்காகத்தான் போனாள், திருமணமாகி மூன்று வருடம் ஆகிறது என்று கேட்டதும் பயிற்சி டாக்டர் அப்படி எழுதிவிட்டார். பிறகு திருத்திய தாள் வாங்கி, காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போய்த்தான் பணம் வந்தது. ஆகவே மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் அந்தத் தாளை வரி வரியாகப் படியுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. உங்களுக்குச் சொன்ன அறுவை சிகிச்சை அதில் வருமா என்று, படுக்கையில் சேருவதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

---

பொன்னை வாசகர்

டாக்டரம்மா கேட்டதற்காக என் மனைவியிடம் நேற்று கேட்டேன். அவள் சொன்னதை இங்கே எழுத விருப்பமில்லை. அடுத்த வாரம் வேலூருக்குக் கூட்டிப் போகிறேன். எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று தனிச்செய்தியில் சொன்னால் நல்லது.

---

சத்துவாச்சாரி சக்கரம்

நல்லது பொன்னை ஐயா. உங்கள் முதல் பதிவில் "உண்மையான மாற்றுத்திறனாளிகள்" என்று எங்களுக்காகக் கவலைப்பட்டீர்கள், அதற்கு மட்டும் நான் பதில் சொல்ல வேண்டும். 1995 சட்டத்தில் 7 வகைதான் இருந்தன. தலசீமியா பிள்ளைகள், பார்க்கின்சன் வந்தவர்கள், ஆசிட் வீச்சில் முகம் போன பெண்கள், இவர்களெல்லாம் அப்போது பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். 2016-இல் 21 ஆனது. அவர்கள் உள்ளே வந்ததால் என் பங்கு குறைந்துவிடவில்லை. வேறு வகைகளைச் சேர்த்து அறிவிக்க மத்திய அரசுக்கு அந்தச் சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. வலியை அளக்க முடியாது என்பார்கள். மனநோயை அளக்க முடியாது என்றும் ஒரு காலத்தில் சொன்னார்கள்.

எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், தெரியும். ஏற்கெனவே பேருந்துச் சலுகைக்கே நடத்துநரிடம் சண்டை போடுகிறோம், புதிதாக எதற்கு என்பார்கள். பரவாயில்லை. கோரிக்கை மனுவில் ஒரு வரியாவது சேர்க்கிறேன்.

---

லெஸ்டர் குடியாத்தம்

சேர்ப்பதானால் நோயின் பெயரை மட்டும் சேர்க்கச் சொல்லாதீர்கள் அண்ணா. என்ன செய்ய முடியவில்லை என்பதை வைத்து அளக்கச் சொல்லுங்கள், மாதத்தில் சில நாள் என்றாலும் கணக்கில் வரும்படி. இல்லையென்றால் நாளைக்கு ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெங்கும் நாட்பட்ட வலி) உள்ளவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

---

டாக்டரம்மா ஓய்வு

ஆம்பூர்ப் பெண் கம்பெனிக்குக் கொடுக்கக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படட்டும். உங்கள் டாக்டரிடம் இதைக் காட்டி, அவருக்குச் சரியென்று பட்டதை அவரது தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்:

"இவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது அறுவை சிகிச்சையிலும் திசுப் பரிசோதனையிலும் உறுதியாகியுள்ளது. இது நாட்பட்ட நோய். சிகிச்சைக்குப் பிறகும் திரும்ப வரக்கூடியது. தொடர்ந்து 30 நிமிடங்களுக்கு மேல் நிற்கும்போது இவருக்கு இடுப்புவலி கூடுகிறது. உட்கார்ந்து வேலை செய்யும் வசதியும், தேவைப்படும்போது தடையின்றிக் கழிப்பறை செல்லும் அனுமதியும் தேவை. கனமான பெட்டிகளைத் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். சில நாட்களில் முன்னறிவிப்பின்றி ஓய்வு தேவைப்படலாம். இந்த வசதிகளோடு இவர் தம் வேலையைத் தொடர்ந்து செய்யத் தகுதியுள்ளவர். ஆறு மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனை."

கடைசிக்கு முந்தைய வரி மிக முக்கியம். அது இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு "வேலைக்கே லாயக்கில்லை" என்று வெளியே அனுப்பப் பார்ப்பார்கள். நிமிடக் கணக்கு உங்கள் உடம்புக்கு ஏற்றபடி மாறும், என்னுடையதை அப்படியே எழுத வேண்டாம். ஒரு நோட்டில் வலி வந்த நாள், எவ்வளவு நேரம், அதனால் எந்த வேலை நின்றது என்று குறித்து வையுங்கள். பத்துக்கு எட்டு, ஒன்பது என்று மட்டும் எழுதிப் பயனில்லை. "துணி துவைக்கவில்லை, பஸ்ஸில் நிற்க முடியாமல் இறங்கிவிட்டேன்" என்று எழுதினால் டாக்டருக்குக் கடிதம் எழுத எளிது.

---

ஆம்பூர்த்தையல்

எல்லோருக்கும் ஒரு தகவல். டிஸ்பென்சரி டாக்டர் திசு அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்குச் சான்று கொடுத்தார். முதல் இரண்டு நாளைக் கழித்துவிட்டு மீதி நாட்களுக்குப் பணம் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. கடிதத்தையும் மனிதவளப் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். இருக்கை விதியை வக்கீல் சார் சொன்னபடி கீழே எழுதியிருந்தேன். லைனில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். என் ஒருத்திக்கு மட்டும் இல்லை, வரிசைக்கு இரண்டு. கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும் என்ற முறையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் மேலே பேசுகிறோம் என்கிறார்கள்.

இப்போது ஒரு சந்தேகம். வேலைக்குத் திரும்பிய அன்று, "எந்த வேலையையும் செய்ய எனக்கு முழு உடல்தகுதி உண்டு" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நாளைக்குத் தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். போடலாமா?

---

திருப்பத்தூர் வக்கீல்

அப்படியே போடாதீர்கள். அது நீங்கள் கொடுத்த கடிதத்தை நீங்களே ரத்து செய்வதாகும். அச்சடித்த வரிக்குக் கீழே, "இன்ன தேதியிட்ட மருத்துவரின் கடிதத்தில் உள்ள வசதிகளுக்கு உட்பட்டு" என்று உங்கள் கையால் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்தும் தேதியும் போடுங்கள். கொடுப்பதற்கு முன் ஜெராக்ஸ். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கு மேல் தொல்லை கொடுத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987 சட்டத்தில் இருக்கிறது.

---

பழைய கணக்கர்

இ.எஸ்.ஐ. டாக்டர் கொடுத்த கடைசிச் சான்றிலேயே வேலைக்குத் திரும்பத் தகுதி என்று தேதியோடு இருக்கும். அதன் நகலையும் சேர்த்துக் கொடுங்கள், அதற்கு மேல் அவர்களுக்குத் தனித் தாள் தேவையில்லை. டோக்கன் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். தொழிற்சாலை ஆய்வாளருக்குப் பெயர் போடாமல் எழுதினாலும் பார்ப்பார்கள், ஆனால் ஐந்தாறு பேர் சேர்ந்து பெயர் போட்டே எழுதினால் சீக்கிரம் பார்ப்பார்கள்.

---

காட்பாடி கடைக்காரி

எங்கள் கடையில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வக்கீல் சார், மனுவைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், திருத்தித் தர முடியுமா? திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.